மலை பங்களாவும் தாளிக்காத வாரமும்

மலை மேல் இருக்கும் விடுதி என்றாலே எனக்கு ஆகாது. காற்று நன்றாக இருக்கும், காட்சி நன்றாக இருக்கும் என்று யாராவது ஆரம்பித்தால் என் முகம் மாறிவிடும். வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும். மருமகனுக்கு மட்டும் இன்னும் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் சீண்டிப் பார்க்கிறார். போன மாதம் ஓசூரில் அவர்கள் வீட்டில் இருந்தபோது, கைப்பேசியைப் பார்த்து உரக்கப் படித்தார். ராயக்கோட்டையிலிருந்து கிருஷ்ணகிரி போகும் பக்கத்தில் ஒரு மலை. நடு மலையில் பழைய வெள்ளைக்காரன் பங்களா. அதைப் புதுப்பித்து விடுதியாக்கியிருக்கிறார்களாம். அருகில் பார்க்க வேண்டியவை: எதிரொலிப் பாறை, சுல்தான் குளித்த சுனை. சாப்பிட: ராகிக் களி, நாட்டுக்கோழிக் குழம்பு. "ஞாயித்துக்கெழம போலாமா மாமா?" என்றார்.

அந்த நேரம் பார்த்து அடுப்படியில் என் மகள் கடுகு தாளித்தாள். கடுகு வெடித்து, காய்ந்த மிளகாய் கருகும் வாசனை கூடத்துக்கு வந்தது. நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். அப்பாவுக்கு என்ன கோபம் என்று மகள் கேட்டது காதில் விழுந்தது. அவளுக்குச் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

சுல்தான் அந்தச் சுனையில் குளிக்கவே இல்லை. அதை நான் கோயிலில் வைத்துக்கூடச் சத்தியம் செய்வேன். அறுபதுகளின் கடைசியில் அந்த மலையடி ஊரில், கூட்டுறவுச் சங்கத்தில் நான் எழுத்தர். ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் இன்னமும் சண்டைக்கு வர ஆள் இருக்கிறது. அந்தச் சுனையில் குளித்ததெல்லாம் எருமைகள்தான். சுல்தானைக் கொண்டுவந்து அதில் இறக்கியவர் ரங்கப்பா.

ரங்கப்பாவுக்கு வேப்பனப்பள்ளிப் பக்கம் மாந்தோப்புகள். வீட்டில் தெலுங்கு, வியாபாரத்தில் கன்னடம், ஊர்க்கூட்டத்தில் தமிழ், அதிகாரிகளிடம் கொஞ்சம் இங்கிலீஷ். எந்த மொழியில் பேசினாலும் பொய் சரளமாக வரும். பாழடைந்து கிடந்த பங்களாவை வாங்கி, வெள்ளையடித்து, பெங்களூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விட்டார். மலையடியில் ஒரு பலகை நட்டார். மூன்று மொழிகளில் பார்க்க வேண்டிய இடங்கள். முதலாவது சுனை. இரண்டாவது எதிரொலிப் பாறை. அங்கே நின்று கத்தினால் எதிரொலி வராது, கீழே ஆடு மேய்க்கிற யாராவது திட்டுவார்கள். மூன்றாவது யானை. சானமாவுக் காட்டுக்கு ஜீப்பில் கூட்டிப்போய் யானை லத்தியைக் காட்டிவிட்டு, இப்போதுதான் போனது என்பார். நானும் ஒருமுறை ஓசியில் போய் அந்த லத்தியைப் பார்த்தேன். ஊருக்குக் கடிதம் போட்டபோது யானையைப் பார்த்ததாகவே எழுதினேன். பொய்யனோடு ஜீப்பில் போனால் அந்தப் புத்திதானே வரும்.

பங்களாவில் சாப்பாட்டுக் கூடம் ஒன்றும் வைத்திருந்தார். மேசை விரிப்பு உண்டு, முள்கரண்டி உண்டு, ருசி கிடையாது. வந்தவர்கள் ஒருவேளை அங்கே தின்றுவிட்டு மறுவேளை மலையை விட்டு இறங்கிவிடுவார்கள். இறங்கினால் பஸ் நிற்கும் இடத்தில் ஆரோக்கியம்மாவின் சாப்பாட்டுக் கடை.

ஆரோக்கியம்மாவுக்கு எலத்தகிரிப் பக்கம். கிறிஸ்தவக் குடும்பம். கோலார் சுரங்கத்துக்கு வேலைக்குப் போன புருஷன் அங்கேயே செத்துப்போனான். அந்த ஓட்டுச் சாய்ப்பையும் இரண்டு அடுப்பையும் தவிர அவளுக்கு இந்த உலகத்தில் வேறு ஒன்றும் கிடையாது. நான் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு நாற்பது வயது இருக்கலாம். சிரித்துப் பேசுகிற ஆள் இல்லை. தட்டை வைக்கும் சத்தத்திலேயே உங்களைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்பது தெரிந்துவிடும். நான் திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். முதல் நாள் களியை வாயில் போட்டு மென்றேன், மென்றேன், மென்றுகொண்டே இருந்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் சாப்பிட்டு எழுந்தே போய்விட்டார்கள். அவள் என் முன்னால் வந்து நின்றாள்.

"சார், அதுக்கும் பல்லுக்கும் சம்பந்தம் இல்ல. கொழம்புல பொரட்டி முழுங்கு."

அதற்குப் பிறகு மூன்று வேளையும் அங்கேதான். தை மாதத்தில் பிதுக்கம்பருப்புக் குழம்பு வைப்பாள். அவரைக் கொட்டையை ஊறவைத்து, தோலைப் பிதுக்கி எடுத்த பருப்பு. அந்த வாசனைக்கு மலைமேல் இருக்கிறவர்கள் விரிப்பையும் முள்கரண்டியையும் போட்டுவிட்டு ஓடி வருவார்கள். நம் பக்கம் அப்போது மதுவிலக்கு. பெங்களூர்க்காரர்கள் பழக்கூடைக்கு அடியில் பாட்டிலை மறைத்துக் கொண்டுவந்து, மேலே குடித்துவிட்டு, கீழே வந்து அவளிடம் பவ்யமாகச் சாப்பிடுவார்கள். சத்தம் போட்டால் தட்டைப் பிடுங்கிவிடுவாள் என்று அவர்களுக்கும் தெரியும்.

ரங்கப்பாவுக்கு இது பொறுக்கவில்லை. கடையை மூடிவிட்டு பங்களாவில் வந்து சமை என்று ஆள் விட்டார். அவள் மாட்டேன் என்றாள். பஸ் நிற்கும் இடத்தைத் தள்ளி வைக்கப் பார்த்தார். அதுவும் நடக்கவில்லை. அவளை அந்த ஊரைவிட்டுக் கிளப்ப ஒரு வழி தேடிக்கொண்டே இருந்தார். கடைசியில் மாரியம்மன் திருவிழா வழி கொடுத்தது.

அந்த ஊரில் ஒரு வழக்கம். திருவிழாவுக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை காப்புக் கட்டுவார்கள். அடுத்த செவ்வாய் திருவிழா. காப்புக் கட்டிவிட்டால் அந்த வாரம் முழுவதும் ஊருக்குள் எந்த வீட்டிலும் தாளிக்கக் கூடாது. எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறக்கூடாது. அம்மனுக்குச் சூடு ஆகாது, எண்ணெய்ப் புகை கிளம்பினால் ஊரில் அம்மை போடும் என்பது நம்பிக்கை. பெரியம்மை ஆட்களைக் கொன்றுகொண்டிருந்த காலம் அது. முகத்தில் தழும்பு இல்லாத வீடு இல்லை. அதனால் யாரும் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தெருவே வாசனையற்றுப் போய்விடும். அந்த வாரத்தில் நான் ஒரு வடைக்காக என்ன வேண்டுமானாலும் செய்திருப்பேன்.

ஆரோக்கியம்மா வேதக்காரி. அவளுக்கு அந்தக் கட்டு கிடையாது, யாரும் கேட்கவும் முடியாது. ஆனால் வருஷா வருஷம் அவளும் தாளிக்க மாட்டாள். கொள்ளு வேகவைத்த தண்ணீரில் உப்புப் போட்டு, பச்சை வெங்காயத்தைத் தட்டிப் போட்டுக் கொடுப்பாள். நான் ஒருநாள் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். உங்களுக்கு இல்லாத கட்டு எனக்கு மட்டும் எதற்கு, எனக்கு ஒரு கரண்டி தாளித்துக் கொட்டினால் என்ன என்று.

"எனக்கு சாமி வேற. சாப்புட வர்றவுங்க இந்த ஊருதான. அவுங்க பயத்து மேல நான் எண்ணெ ஊத்தக் கூடாது" என்றாள்.

அந்த வருஷம் காப்புக் கட்டிய மறுநாளே, தெருக்கோடி வீட்டில் ஒரு பெண் குழந்தைக்கு உடம்பில் கொப்பளம் கிளம்பியது. ஊர் நடுங்கிப் போனது. வேப்பிலை கட்டினார்கள். யார் தாளித்தது என்ற கேள்வி வீடு வீடாகப் போனது. ரங்கப்பாவின் தோட்டத்து ஆள் ஒருவன், கிறிஸ்தவச்சி கடைப் பக்கம் நேற்று எண்ணெய் வாசனை வந்தது என்றான். அவ்வளவுதான். மத்தியானத்துக்குள் ஊரில் பாதிப்பேர் மூக்கிலும் அந்த வாசனை வந்திருந்தது. அவர்கள் யாரும் முன்தினம் அந்தப் பக்கமே போகவில்லை.

இதை நினைக்கும்போது இன்றும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. கெட்டவனைக்கூட நான் ஒருவழியாக மன்னித்துவிடுவேன். ரங்கப்பா கெட்டவன், அவன் செய்ததைச் செய்தான். நேற்றுவரை அவள் கையால் தின்றுவிட்டு இன்று வராத வாசனையை முகர்ந்தானே, அவனை என்ன செய்வது?

அன்று மாலையிலிருந்து கடைக்கு யாரும் வரவில்லை. பொதுக் கிணற்றில் அவள் குடம் இறங்கக் கூடாது என்றார்கள். திருவிழாவுக்கு முந்தைய நாள் காலை கோயில் முன் ஊர்க்கூட்டம். குற்றம் உறுதியானால் அவள் அடுப்பை இடித்துவிட்டு ஊரைவிட்டுப் போக வேண்டும். நானும் போனேன். மூன்று வேளையும் அங்கே சாப்பிடுகிறவன் நான், ஒரு கடுகுகூட என் தட்டில் விழவில்லை என்று எழுந்து நின்று சொன்னேன். தாளிக்கச் சொல்லி நான் கேட்டே அவள் மறுத்துவிட்டாள் என்பதையும் சொல்லித் தொலைத்தேன். அது அவளுக்குச் சாதகம் என்று நினைத்தேன். கூட்டம் என்னைத்தான் முறைத்தது. வெளியூர்க்காரனுக்கு என்ன தெரியும், உட்கார் என்றார்கள். ஒருவன் என் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தான். அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவன் என்று எனக்கு இருந்த மரியாதை அந்த இழுப்போடு போயிற்று.

ஊர்ப்பெரியவர் மாதப்பன் நடுவில் உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர் என்றுதான் சொல்வார்கள். யாரையும் கடிந்து பேச மாட்டார், யாருக்காகவும் ஒரு வார்த்தை பேசவும் மாட்டார். ஆரோக்கியம்மா எதிரே நின்றாள். தாளித்தாயா என்று கேட்டார். இல்லை என்றாள். அழுவாள், காலில் விழுவாள் என்று காத்திருந்தவர்களுக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது.

அப்போதுதான் ரங்கப்பாவின் ஜீப் வந்தது. பலகையில் அந்த வருஷம் நான்காவதாக ஒன்றைச் சேர்த்திருந்தார்: கிராமத் திருவிழா. முந்தைய நாளே வந்து தங்கியிருந்த பெங்களூர்க் குடும்பம் ஒன்றை வேடிக்கை காட்டக் கூட்டிவந்து, கோயில் முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். இவள்தான் கட்டை மீறினவள், எங்கள் ஊரில் கட்டுப்பாடு அப்படி என்று கன்னடத்தில் பெருமையாக விளக்கினார். சொல்லும்போது அவர் மணிக்கட்டில் மஞ்சள் காப்பு இருந்தது. ஊரில் முதல் காப்பு அவருக்குத்தான் கட்டுவார்கள். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில்.

அந்தப் பக்கத்தில் விருந்தாளியைப் பார்த்தால் முதல் கேள்வி ஒன்றுதான். பேர், ஊர் எல்லாம் பிறகு. சாப்பாடு ஆயிற்றா, என்ன குழம்பு? சாவு வீட்டுக்கு வந்தவனைக்கூட அதைக் கேட்காமல் விடமாட்டார்கள். மாதப்பன் கூட்டத்தை நிறுத்திவிட்டு, வழக்கம் மாறாமல் அந்த அம்மாளைப் பார்த்துக் கன்னடத்தில் கேட்டார். ஊட்டா ஆய்த்தா, ஏனு சாரு?

அந்த அம்மாள் நல்ல மனுஷி. மரியாதைக்குக் கேட்கிறார்கள் என்று சுருக்கமாகச் சொல்லிவிடாமல், ரங்கப்பாவுக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுக்க நினைத்து விவரமாகவே சொன்னார். சாப்பாடு பிரமாதம். காலையில் கடுகும் கடலைப்பருப்பும் போட்டு ஒக்கரணை கொடுத்த எலுமிச்சைச் சாதம். நேற்று இரவு அணைக்கட்டு மீன் வறுவல். வந்ததிலிருந்து பிள்ளைகள் வெங்காய பஜ்ஜியை விடவே இல்லை, சட்டியை இறக்க விடமாட்டேன் என்கிறார்கள் என்று சிரித்தார்.

ஒக்கரணை என்றால் தாளிப்பு என்பது அந்த ஊரில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். வேறு யாரும் சிரிக்கவில்லை. மேளக்காரன் கூட மேளத்திலிருந்து கையை எடுத்துவிட்டான். அந்த அம்மாள் தான் ஏதோ தவறாகச் சொல்லிவிட்டதாகப் பயந்து கணவனைப் பார்த்தார். பாவம், அந்தக் கூட்டத்திலேயே உண்மை பேசிய இரண்டு பெண்களில் அவர் ஒருவர்.

ரங்கப்பா அசரவில்லை. மலை ஊர் எல்லைக்கு வெளியே இருக்கிறது, அங்கே கட்டு செல்லாது என்றார். அப்படியானால் கையில் காப்பு எதற்கு என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள். கேட்டவன் முகத்தைக் காட்டவில்லை. மாதப்பன், விருந்தாளிக்காகத் தெரியாமல் நடந்துவிட்டது, ரங்கப்பா அம்மனுக்கு ஒரு கிடா வெட்டிவிட்டால் தீர்ந்தது என்றார். தெரியாமல் நடந்ததாம். அடுப்பை இடித்து ஊரைவிட்டுத் துரத்துகிற குற்றம், தோப்புக்காரன் செய்தால் ஒரு கிடாவோடு முடிந்துவிடுகிறது. கிடாக் கறியும் ஊருக்குத்தான்.

ஆரோக்கியம்மா இன்னும் நின்றுகொண்டிருந்தாள். அவளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. போ என்றுகூடச் சொல்லவில்லை. வேப்பிலை கட்டிய வீட்டுக் குழந்தைக்கு வந்தது வெறும் சின்னம்மைதான். கொப்பளம் அடங்கி அன்று காலை தலைக்குத் தண்ணீரும் ஊற்றியாகிவிட்டது. அது வாழைப்பழத்தைத் தின்றுகொண்டு அவள் காலுக்குப் பக்கத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் அதன் தலையைத் தடவிவிட்டு மாதப்பனைப் பார்த்தாள்.

"என்ன தப்பா சொல்லிட்டோம்னு ஒரு வார்த்த வராதா?"

மாதப்பன், விடும்மா, போய்க் கடையைத் திற, நாளையிலிருந்து எல்லோரும் வருவார்கள் என்றார். அது பெரிய உபகாரம் மாதிரிச் சொன்னார்.

அவள் போய்க் கடையைத் திறந்தாள். நான் பின்னாலேயே போனேன். பெரிய அடுப்பை மூட்டி, கல்யாண வீட்டுக்கு எடுக்கிற இருப்புச் சட்டியை ஏற்றினாள். பாட்டிலில் இருந்த கடலை எண்ணெயை முழுவதும் கவிழ்த்தாள். கை நிறையக் கடுகு, இன்னொரு கை காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, வெங்காயம். கதவைத் திறந்தே வைத்திருந்தாள். காற்று அன்றைக்கு மலையிலிருந்து ஊருக்குள் வீசிக்கொண்டிருந்தது. அந்த வாரம் முழுவதும் வாசனையே இல்லாமல் கிடந்த தெருவில் கடுகு வெடித்த சத்தம் கோயில் வரை கேட்டிருக்கும். நெடியில் எனக்கு இருமல் வந்தது. கூட்டம் கலைந்து வந்தவர்கள் எதிர்ப்புறம் நின்று பார்த்தார்கள். மாதப்பனும் நின்றார்.

"இப்பதான் தாளிக்கிறேன். நல்லா மோந்து பாத்துக்கோங்க" என்றாள் வாசலைப் பார்த்து. "இப்ப வந்து அடுப்ப இடிங்க."

ஒருவரும் ரோட்டைத் தாண்டி வரவில்லை. ரங்கப்பாவிடம் சொல்ல முடியாததை இவளிடம் எப்படிச் சொல்வது? முகத்தில் துண்டைப் பொத்திக்கொண்டு ஒவ்வொருவராக நழுவினார்கள். எனக்கு அப்போது உண்டான சந்தோஷத்தை மறைக்கவே தோன்றவில்லை. உரக்கச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கொள்ளுத் தண்ணீரில் அந்தத் தாளிப்பைக் கொட்டி, களி உருண்டையோடு எனக்கு வைத்தாள். ஊரில் அன்று தாளித்த குழம்பு சாப்பிட்டவன் நான் ஒருவன்தான், பங்களாக்காரர்களைத் தவிர. குழம்பு நன்றாகத்தான் இருந்தது. பாதிச் சாப்பாட்டில் நிமிர்ந்து பார்த்தேன். அவள் அடுப்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

எதற்கு என்று கேட்டேன். ஜெயித்துவிட்டீர்கள், நாளைக்கு எல்லோரும் வருவார்களே என்றேன்.

"வருவாங்க சார். அதான். இவுங்களுக்கு இனிமே ஒரு கரண்டி போட என் கை வராது."

மறுநாள் திருவிழா மேளம் அடித்துக்கொண்டிருந்தபோது, சட்டிகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு ஓசூர் பஸ்ஸில் ஏறினாள். மூட்டையைத் தூக்கிக் கொடுத்தது நான்தான். எங்கே போகிறீர்கள் என்றேன். ஓசூர்ப் பக்கம் ஏதாவது வேலை கிடைக்கும் என்றாள். பிறகு நான் ஓசூர் போகும்போதெல்லாம் தேடியிருக்கிறேன். தொழிற்சாலைகள் வந்து, கேண்டீன்கள் வந்தபோது அங்கெல்லாம் விசாரித்தேன். ஆரோக்கியமேரிகள் நிறையப் பேர் இருந்தார்கள். இவள் இல்லை.

ஊர் அவளைத் துரத்தவில்லை, அவளாகத்தான் போனாள் என்று பிற்பாடு சொல்லிக்கொண்டார்கள். ரங்கப்பா கிடா வெட்டினார். எல்லோரும் தின்றார்கள். பங்களாவின் சாப்பாட்டுக் கூடம் நிறைந்தது. வேறு கடை இல்லையே. நான் மாற்றல் கேட்டு தர்மபுரிக்குப் போய்விட்டேன்.

சில வருஷங்களுக்கு முன் ஒருமுறை அந்த வழியாகப் போனபோது பஸ்ஸிலிருந்து இறங்கினேன். எதேச்சையாகக் காப்புக் கட்டின வாரம். கடை இருந்த இடத்தில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். கோயில் கொடிமரம் வரைக்கும் தள்ளுவண்டிகள். எல்லாவற்றிலும் எண்ணெய் கொதிக்கிறது. பஜ்ஜி, மீன், காலிஃபிளவர், இன்னும் என்னென்னவோ சிவப்பாகப் பொரிந்துகொண்டிருந்தன. திருவிழாவை நடத்துகிற பையன் மாதப்பனின் பேரன். மரியாதையாக நாற்காலி போட்டு உட்கார வைத்தான். காப்புக் கட்டினால் தாளிக்க மாட்டார்களே, அந்தக் கட்டு என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"அதெல்லாம் எப்பவோ போச்சுங்க சார்" என்றான். "இப்ப அதையெல்லாம் யாரு பாக்கறா."

எப்போது போயிற்று, யார் எடுத்தது, அதற்கு ஊர்க்கூட்டம் போட்டார்களா என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. அதற்கெல்லாம் கூட்டம் எதற்கு என்றான். அப்படியானால் ஆரோக்கியம்மாவுக்கு யாராவது சொல்லி அனுப்பினீர்களா என்றேன்.

சூடான பஜ்ஜித் தட்டை என் பக்கம் நீட்டியபடியே அவன் கேட்டான்.

"யாருங்க சார் அது?"